ஊர் ஊராய்ப் போகும் இல்லறம்

தை கழிந்து மாசி பிறந்துவிட்டால், தஞ்சைக்குத் தெற்கே புது ஆற்றின் இரு கரையிலும் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காணலாம். சம்பா அறுவடை முடிந்த வயல்களில் தாள் மட்டும் நின்றுகொண்டிருக்கும். பொழுது சாயும் வேளையில் தூரத்தில் புழுதி எழும்பும். அப்புழுதிக்குள்ளிருந்து முதலில் ஒரு மனிதர், தோளில் தொரட்டியைச் சாத்தியபடி வெளிப்படுவார். அவரைத் தொடர்ந்து ஐந்நூறு, அறுநூறு செம்மறியாடுகள் வரும். யாவற்றுக்கும் பின்னால் தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக ஒரு பெண்மணி. வயலின் மேட்டு மூலையில் சட்டி பானை இறங்கும். மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டப்படும். அரை மணி நேரத்துக்குள் அங்கே ஓர் இல்லம் எழும்பிவிடும். சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்த இல்லம் இருந்ததற்குச் சாட்சியாக ஒரு பிடி சாம்பலும் நிலம் முழுதும் புழுக்கையுமே மிஞ்சியிருக்கும்.

இவர்கள் கிடைக்காரர்கள். கிடையின் தலைவருக்குக் கீதாரி என்று பெயர். பெரும்பாலும் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து புறப்பட்டுத் தேவகோட்டை, அறந்தாங்கி வழியாக மேய்த்துக்கொண்டே ஒரத்தநாடு, மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கங்களுக்கு வருகிறார்கள். நம் அருளானந்தர் 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் இரத்தம் சிந்திய ஓரியூரின் சுற்றுவட்டாரமும் அந்தச் சீமையைச் சேர்ந்ததே. மழையை நம்பிய பூமி அது. மாரியில் புல் முளைக்கும். கோடையில் தரை வெடிக்கும். காவிரிப் படுகையிலோ கோடையில்தான் வயல் சும்மா கிடக்கும். ஒரு சீமையின் பஞ்சமும் மறு சீமையின் ஓய்வும் ஒரே பருவத்தில் வருவதால் பிறந்த பிழைப்பு இது.

மேல்நாடுகளில், படுக்கை, சமையற்கட்டு, குளியலறை அனைத்தையும் ஒரே மோட்டார் வண்டிக்குள் அமைத்துக்கொண்டு, சொந்த வீட்டைப் பூட்டிவிட்டோ விற்றுவிட்டோ மாதக்கணக்கில் ஊர் சுற்றும் குடும்பங்கள் உண்டு. பணி ஓய்வு பெற்ற தம்பதியர் பலர் அப்படி வாழ்கிறார்கள். நம் நாட்டுச் சாலைகளிலும் அத்தகைய வண்டிகள் ஒன்றிரண்டு கண்ணில் படத் தொடங்கியுள்ளன. அவர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. எந்த நாள் எந்த ஊர் என்று முழுவதையும் எழுதி வைத்துக்கொண்டு புறப்படுவதா? அல்லது போகிற போக்கில் மனம் சொன்ன இடத்தில் நின்றுகொள்வதா? முன்னதில் பயணம் அலுவலகம் போலாகிவிடுகிறது என்பார் ஒரு சாரார். பின்னதில் இரவு எட்டு மணிக்கு வண்டி நிறுத்த இடமின்றிக் கணவனும் மனைவியும் சண்டையிட நேர்கிறது என்பார் மறு சாரார்.

இவ்வழக்கை நான் கேள்விப்பட்டபோது எங்கள் வயலில் கிடை போட வரும் கீதாரியின் நினைவே எனக்கு வந்தது. மேல்நாட்டாருக்கு இது உல்லாசத்தைச் சார்ந்த கேள்வி. திட்டம் பிசகினால் ஒரு நாள் கெடும். கீதாரிக்கோ திட்டம் பிசகினால் மந்தை கெடும். மந்தை கெட்டால் ஊரில் பத்துக் குடும்பம் கெடும். ஒரு கிடையில் உள்ள ஆடுகள் யாவும் ஒருவருக்கே சொந்தமல்ல என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. இருபது ஆடு உள்ளவர், முப்பது ஆடு உள்ளவர் எனப் பலர் சேர்ந்து ஒரு கிடையாக்கி, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்படைக்கும் வழக்கம் உண்டு. எங்கள் கீதாரியின் கிடையும் அத்தகையதே.

நீரின் நாட்காட்டி

கீதாரியின் திட்டத்துக்கு அடிப்படை மேட்டூர் அணை. 1934-ஆம் ஆண்டு அவ்வணை கட்டி முடிந்தது முதல் டெல்டாவின் ஆண்டு ஜூன் 12-இல் பிறந்து ஜனவரி 28-இல் முடிகிறது என்று சொன்னால் மிகையாகாது. முன்னது அணை திறக்கும் வழக்கமான நாள். பின்னது மூடும் நாள். மூடிய பின் வாய்க்கால்கள் வற்றும், சம்பாவும் தாளடியும் அறுபடும், வயல் திறந்து கிடக்கும். மேட்டூரில் திறந்த நீர் கல்லணையை வந்தடைய மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு எனப் பிரிந்து கடைமடைக்குப் போய்ச் சேர மேலும் பல நாள் பிடிக்கும். அதற்குள் ஆடுகள் தாழ்ந்த வயல்களை விட்டு ஏறியாக வேண்டும்.

எழுதி வைக்கத் தகுந்த நாட்காட்டி என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் காவிரி எழுதி வைத்தபடி வருவதில்லை. 2017-இல் அணை திறந்தது அக்டோபர் 2-ஆம் நாள். 2022-இலோ யாரும் எதிர்பாராதபடி மே 24-ஆம் நாளே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மே மாதமே நீர் வந்த ஆண்டில், ஜூன் இறுதி வரை தமக்கு மேய்ச்சல் உண்டு என்று கணக்கிட்டிருந்த கிடைகள் ஒரு மாதத்தை இழந்தன. குறுவைக்கு உழவு தொடங்கிவிட்டால் ஆட்டுக்கு வயலில் ஏது இடம்?

போதாக்குறைக்கு உளுந்தும் பயறும். சம்பா அறுப்பதற்கு ஏழெட்டு நாள் முன்பே ஈர வயலில் உளுந்தைத் தெளித்துவிடுவது நம் வட்டார வழக்கம். அவ்வயலில் சித்திரை வரை ஆடு கால் வைக்க இயலாது. ஒரு வயலில் உளுந்து, அடுத்ததில் தாள், அதற்கடுத்ததில் ஆழ்துளைக் கிணற்று நீரில் கோடை நெல் என்று சதுரங்கப் பலகை போல் நிலம் கிடக்கும்போது அறுநூறு வாய்களை அதனூடே ஒரு சண்டையும் வராமல் நடத்திச் செல்வது எளிதன்று. முன்பெல்லாம் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே வெளியாகக் கிடந்தது என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆட்டுக்கிடைக்கு நம் உழவர் ஏன் இவ்வளவு ஆசைப்படுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டணத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது தெரிய நியாயமில்லை. ஆட்டெரு போட்ட ஆண்டே பலன் தரும், மாட்டெரு மறு ஆண்டில்தான் தரும் என்பது இங்கே வழங்கும் பேச்சு. ஓர் ஆடு நாளொன்றுக்கு அரைக் கிலோ எரு இடுகிறது என்று குறைத்துக் கொண்டாலும், அறுநூறு ஆடு முந்நூறு கிலோ இடும். அதில் இரவுப் பங்கு நம் வயலுக்கு, அதனுடன் மூத்திரமும். சுமக்கும் கூலி இல்லை, வண்டி வாடகை இல்லை. இன்று இந்தப் பாத்தி, நாளை அடுத்த பாத்தி என்று கிடை நகர்ந்துகொண்டே போகும். நடுச்சாமத்தில் ஆடுகளை ஒருமுறை எழுப்பி இடம் மாற்றிப் படுக்கவைப்பார்கள். கிடை பெயர்ந்த மறுநாளே உழுதுவிட வேண்டும். வெயிலில் காயவிட்டால் சத்து காற்றோடு போய்விடும். கூலி முன்பு நெல்லாக அளக்கப்பட்டது. இப்போது ஆட்டின் எண்ணிக்கைக்கும் இரவின் எண்ணிக்கைக்கும் தக்கபடி பணமாகத் தருகிறோம்.

முன்பணமும் மூன்று இடமும்

எங்களுக்குப் பதினைந்து மா நிலம். 2021-ஆம் ஆண்டு மாசி முதல் வாரத்தில் எட்டு இரவு கிடை போடுவதென்று கீதாரியிடம் முன்பணம் கொடுத்திருந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன். எதையும் நோட்டில் எழுதாமல் செய்து பழக்கமில்லை. அறுவடை நாள், வைக்கோல் கட்டும் நாள், கிடை வரும் நாள், உழவுக்கு டிராக்டர் வரும் நாள் என்று கோடு கிழித்து எழுதி வைத்திருந்தேன்.

அவ்வாண்டு ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழையை டெல்டாவாசிகள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கதிர் முற்றிய சம்பா சாய்ந்து நீரில் கிடந்தது. படுத்த கதிரிலேயே நெல் முளைவிட்டது. சேற்றில் இறங்கக்கூடிய பெல்ட் வண்டி அறுவடை இயந்திரத்துக்கு எங்கும் தட்டுப்பாடு. எனக்கு நாள் சொல்லியிருந்த இயந்திரக்காரர், கூடுதல் வாடகை கிடைத்த பக்கம் போய்விட்டார். கீதாரியோ சொன்ன நாள் தவறாமல் அறுநூறு ஆட்டுடன் வந்து நிற்கிறார். வயலில் நெல் நிற்கிறது.

என் நிலையை எண்ணிப் பாருங்கள். முன்பணம் கொடுத்தவன் நான். வாக்குத் தவறியவனும் நானே. அவர் கோபித்துக்கொண்டு போயிருந்தால் நியாயமே. அவரோ சாய்ந்த கதிரைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "நெல்லைப் பாருங்கய்யா முதல்ல. நமக்கு வேற எடம் இருக்கு" என்றார். அன்றிரவு ஏரிக்கரை மேட்டில் ஆடுகள் படுத்தன. மறுநாள் விடியுமுன் இரண்டு கல் தொலைவில் ஒருவருடைய தென்னந்தோப்புக்குக் கிடை போய்விட்டது.

பின்னொரு நாள் அவரிடம் கேட்டேன், அந்தத் தோப்பு எப்படி அவ்வளவு விரைவில் கிடைத்தது என்று. "ஒரு எடத்துக்கு முன்பணம் வாங்குனா இன்னும் ரெண்டு எடம் மனசுல இருக்கணும்யா. இல்லேன்னா கிடைய நடத்த முடியாது" என்றார். என் நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் நேரே ஒரே ஒரு வேலைதான் எழுதியிருந்தது. அவருடைய மனத்தில் ஒவ்வொரு நாளுக்கும் மூன்று இடம் இருந்தது. என் திட்டம் அவருடையதைவிட விரிவானது. ஆனால் மழைக்கு முன் நிற்கவில்லை.

அவருடைய வழியைப் பல ஆண்டு உடனிருந்து பார்த்ததில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். அவர் சிலவற்றைக் கல்லில் எழுதியது போல் உறுதியாக வைத்துக்கொள்கிறார். ஊரை விட்டுப் புறப்படும் காலம், முதல் கிடை, கோடையில் வற்றாத குளங்கள் எவை என்பது, ஆடுகளுக்குத் தடுப்பூசி போடும் பருவம், ஆட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கணக்கு ஒப்பிக்கும் நாள், இவற்றில் அவர் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டதே நம் தமிழ்நாட்டில்தான். 1987-இல் விழுப்புரம் பக்கத்து அரசூரில். மழைக்காலத்தில் நீலநாக்கு நோயும் சேர்ந்துகொள்ளும். ஊசியைத் தள்ளிப்போட்டவன் மந்தையையே இழப்பான் என்பது அவருக்குத் தெரியும். சினையைக்கூட நினைவில் வைத்திருக்கிறார். செம்மறியாடு ஏறத்தாழ 150 நாள் சுமக்கும். எந்த ஆடு எந்த ஊரில் இருக்கும்போது ஈனும் என்பதைக் கிடாய் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிடுகிறார்.

ஆனால் நாளை எந்தப் பக்கம் போவது என்று கேட்டால் பதில் வராது. அது உண்மையாகவே அவருக்குத் தெரியாது. விடியற்காலையில் கஞ்சி குடித்துவிட்டுத் தாம் மட்டும் முன்னே நடந்து போய்ப் பார்த்து வருவார். எங்கே புல், எங்கே உளுந்து, எந்த வாய்க்காலில் பூச்சி மருந்து கழுவிய நீர் தேங்கியிருக்கிறது என்று தம் கண்ணால் பார்த்த பிறகே அன்றைய வழி. இப்போது கையில் செல்போன் இருக்கிறது. நாலு ஊர்க் கீதாரிகள் ஒருவருக்கொருவர் மழையைச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆயினும் காலை நடையை அவர் விட்டபாடில்லை.

பயணத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது கீதாரியும் அல்லர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். வழியில் ஓர் ஆடு ஈன்றுவிட்டால் கிடையின் நடை குறையும். குட்டிகளைப் பகலில் குடாப்புக்குள் அடைத்து நிழலில் வைத்துவிட்டுத் தாயாடுகளை மட்டும் அருகில் மேய்ப்பார்கள். தொடக்கநூல் 33-ஆம் அதிகாரத்தில், உடன் சேர்ந்து போகலாம் என்று ஏசா அழைக்கும்போது யாக்கோபு சொல்லும் மறுமொழியை வாசித்துப் பாருங்கள். பிள்ளைகள் சிறியவர்கள், பாலூட்டும் ஆடுகள் உள்ளன, ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை மடிந்துபோகும் என்று காரணம் காட்டித் தம் போக்கில் மெல்ல வருவதாகக் கூறுகிறார். அப்பகுதியைப் பல முறை வாசித்திருந்தும், அது ஒரு கீதாரியின் பேச்சு என்பது எனக்கு இந்தக் கிடையைப் பார்த்த பின்னரே விளங்கிற்று. (கிறிஸ்துமஸ் குடில்களில் நாம் வைக்கும் ஆட்டுப் பொம்மைகளின் உடலெல்லாம் சுருள் சுருளான கம்பளி. இராமநாதபுரத்து வெள்ளாட்டம் போடும் செம்மறிக்கோ கம்பளியே கிடையாது, குட்டை முடிதான். பிள்ளைகளுக்கு ஒருமுறை உண்மை ஆட்டைக் காட்டுவது நல்லது.)

அந்த ஒரு மாலை

2018-ஆம் ஆண்டு நவம்பரில் எங்கள் கீதாரி ஊர் திரும்பவில்லை. மழைக்காலத்தை மேட்டு நிலத்தில் கழித்துவிடலாம் என்று பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே ஒரு தென்னந்தோப்பில் கிடை போட்டிருந்தார். நெல் வயலில் நீர் நிற்கும் காலத்தில் தோப்புதான் பாதுகாப்பு. அதுவே பல ஆண்டுத் திட்டம். அதில் பிழை ஏதும் இல்லை.

15-ஆம் தேதி மாலை வானொலியிலும் போனிலும் புயல் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. தோப்புக்காரர் நல்ல எண்ணத்துடனேயே, இங்கேயே இருங்கள், மரம் காற்றைத் தடுக்கும் என்றாராம். கீதாரியின் மனைவிதான் மறுத்திருக்கிறார். காற்று திசை மாறி வீசுவதையும் ஆடுகள் படுக்க மறுத்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பதையும் பார்த்துவிட்டு, வெட்டவெளிக்குப் போவோம் என்று அந்த அம்மாள் பிடிவாதம் செய்தார். சமைத்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, இருட்டில், மழையில், தோப்பை விட்டுக் கிளம்பி, மரமே இல்லாத ஒரு பள்ளி விளையாட்டுத் திடலின் சுவர் ஓரமாக மந்தையை நிறுத்தினார்கள்.

16-ஆம் தேதி அதிகாலையில் கஜாப் புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. விடிந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னை மரங்கள் எப்படிக் கிடந்தன என்பதை நம் மறைமாவட்டத்துக் குடும்பங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கிடை போட்டிருந்த தோப்பில் நிமிர்ந்து நின்ற மரம் ஒன்றுகூட இல்லை. குளிரிலும் மிதிபாட்டிலும் முப்பதுக்கு மேற்பட்ட ஆடுகளும் குட்டிகளில் பெரும்பாலானவையும் போயின, மற்றவை பிழைத்தன. அவ்வட்டாரத்தில் மொத்தக் கிடையையும் இழந்து வெறுங்கையுடன் ஊர் போனவர்களும் உண்டு.

நான் ஒருமுறை அந்த அம்மாளிடம், எப்படியம்மா அந்த முடிவு செய்தீர்கள் என்று விசாரித்தேன். நான் எதிர்பார்த்தது ஏதேனும் அனுபவ ஞானம். "ஆடு படுக்கலீங்கய்யா" என்றார், அவ்வளவுதான். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

பிள்ளைகள்

வீட்டோடு நகரும் வாழ்க்கையில் எதைச் சமாளித்தாலும் பள்ளிக்கூடத்தைச் சமாளிக்க வழியில்லை. மேல்நாட்டு மோட்டார் வீட்டுக்காரர்கள் வண்டிக்குள்ளேயே பிள்ளைகளுக்குத் தாமே பாடம் நடத்துகிறார்களாம். இங்கே தாய்க்கு எழுத்து வராது. தந்தைக்குக் கையெழுத்து வரும். மூத்த பெண்ணைப் பாட்டியிடம் ஊரிலேயே விட்டுவிட்டார்கள். அவள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய ஆண்டில் மட்டும், கீதாரி தம் வாழ்நாளில் முதல் முறையாகப் பங்குனியில் கிடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் பேருந்து ஏறினார். தேர்வு நாட்களில் தாய் உடனிருக்கட்டும் என்று மனைவியையும் அழைத்துச் சென்றார். மேய்ச்சல் மிகுந்த பருவம் அது. கிடைக்கூலியில் அவருக்கு நட்டம். "பரீட்சைத் தேதிய நாம மாத்த முடியாதேய்யா" என்றார். சிறியவனையும் ஐந்து வயது நிறைந்ததும் ஊர்ப் பள்ளியில் சேர்த்தார்கள். அந்தக் கோடையில் அந்த அம்மாள் குட்டிகளைக் குடாப்பில் அடைக்கும்போதெல்லாம் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வதை நானே கண்டேன்.

இதன் மறுபக்கத்தையும் எழுதாமல் விடக்கூடாது. எல்லாக் கிடைகளும் இப்படியல்ல. ஆள் பற்றாக்குறையால், ஏழைப் பெற்றோருக்குச் சில ஆயிரம் ரூபாய் முன்தொகை கொடுத்து அவர்களுடைய சிறுவர்களை ஆடு மேய்க்க அழைத்துச் செல்லும் கொடுமை நம் மாவட்டங்களில் நடந்திருக்கிறது. கஜாவில் குடிசையையும் வேலையையும் இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவ்விதம் அனுப்பப்பட்டு, பின்னர் அதிகாரிகளால் மீட்கப்பட்ட செய்திகள் நாளிதழ்களில் வந்தன. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இலேயே நிறைவேறிவிட்டது. எனினும் நடு வயலில், ஆட்டின் பின்னால் நிற்கும் ஒரு பத்து வயதுப் பையனைப் பார்த்து, நீ யார் வீட்டுப் பிள்ளை, எந்த வகுப்பு என்று கேட்பதற்குச் சாலையில் போகும் நமக்கு நேரம் இருப்பதில்லை. என் வயலிலேயே ஓர் ஆண்டு வேறொரு கிடையில் அப்படி ஒரு சிறுவன் இருந்தான். எட்டு இரவு இருந்தான். நான் கேட்கவில்லை. கிடை போன பிறகுதான் கேட்டிருக்க வேண்டும் என்று உறைத்தது.

நடந்து போகும் நம்மவர்கள்

பயணம் என்றதும் நம் குடும்பங்களுக்கு நினைவு வருவது வேளாங்கண்ணிதான். ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழாவுக்கும் காவியுடை அணிந்து நடப்பவர்கள் நம் ஊர்ச் சாலைகளை நிறைக்கிறார்கள். திருச்சியிலிருந்து தஞ்சை, திருவாரூர் வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஒவ்வொரு குழுவிடமும் அச்சடித்த தாள் ஒன்று இருக்கும். எந்த இரவு எந்தக் கோயில் வளாகம், எந்த நண்பகல் எந்தச் சத்திரம் என்று. அரிசி மூட்டையும் அண்டாவும் ஏற்றிய வேன் முன்னே போகும்.

எங்கள் பங்கிலிருந்து போன ஒரு குழுவில் நானும் நடந்திருக்கிறேன். தாளில் இருந்த நேரத்தைக் காப்பாற்றவேண்டும் என்று இளைஞர்கள் வேகமாக நடந்தார்கள். இரண்டாம் நாள் மாலைக்குள் குழு மூன்றாகப் பிரிந்துவிட்டது. வேன் முன்னணியோடு போய்விட, பின்தங்கிய கிழவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் கொரடாச்சேரி அருகே ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். அந்த வீட்டு அம்மாள், நாங்கள் யாரென்றும் கேட்காமல், எங்கள் பன்னிரண்டு பேருக்கும் புளிச்சோறு கிளறிப் போட்டார். அவர் நம் மதத்தவரும் அல்லர். மூன்றாம் நாள் முதல் பாட்டிமார் முன்னே, இளைஞர்கள் பின்னே என்று வரிசையை மாற்றிக்கொண்டோம். தாளில் இருந்த நேரம் எதுவும் நடக்கவில்லை. எட்டாம் தேதிக்கு ஒரு நாள் முன்பே போய்ச் சேர்ந்தோம்.

இதே மண்ணிலிருந்து, திட்டத்தின் மறு எல்லையாகப் புறப்பட்ட பயணம் ஒன்றும் உண்டு. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1820-இல் காசி யாத்திரைக்குக் கிளம்பியபோது உடன் சென்றவர்கள் ஏறத்தாழ 3000 பேர். ஒரு சிற்றூரே கூடாரத்துடன் பெயர்ந்து போனது எனலாம். 1822-இல் திரும்பினார்கள். அத்தனை பேருக்கும் நாள்தோறும் நீரும் நிழலும் பார்த்து வைக்க எத்தனை பேர் முன்னே போயிருப்பார்கள் என்று நினைக்கும்போது, விடியலில் கஞ்சி குடித்துவிட்டுத் தனியே கிளம்பும் எங்கள் கீதாரிதான் என் கண்ணில் நிற்கிறார்.

புது ஆற்று மணல்

2023-இல் மேட்டூர் சொன்னபடி ஜூன் 12-இல் திறந்தது. 16-ஆம் தேதி கல்லணையில் திறப்பார்கள் என்று செய்தி வந்தது. கீதாரி அப்போது ஆற்றுக்கு வடகரையில் இருந்தார். அவருக்கு மேலும் நான்கு இரவுக்குக் கூலி பேசப்பட்டிருந்தது. குட்டிகளும் இருபதுக்குமேல் இருந்தன. வறண்ட ஆற்று மணல் வழியே கடந்தால் அரைமணி நேரம். நீர் வந்த பின் பாலத்தைச் சுற்ற வேண்டும். பாலத்தில் பேருந்தும் லாரியும் விடாமல் ஓடும். ஒரு முறை அப்படிப் போய் ஏழு ஆடு அடிபட்ட கதை அவருக்கு உண்டு.

நான்கு இரவுக் கூலியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குட்டிகளையும் பாத்திரங்களையும் ஏற்ற "குட்டி யானை" எனப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்று வாடகைக்கு வந்தது. நடக்க முடியாத ஒரு கிழ ஆட்டையும் அதில் ஏற்றிவிட்டு, அம்மாள் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஐப்பசிக்கு ஊர்ல மழை இருந்தா அங்க. இல்லேன்னா தோப்புப் பக்கம். தை கடைசியில உங்க வயலு" என்று சொல்லிவிட்டுக் கீதாரி மணலில் இறங்கினார். முதல் ஆடு தயங்கி நின்றது; பிறகு எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடின. அக்கரை ஏறியதும் அவர் எண்ணிக்கொண்டிருப்பது தொரட்டியின் அசைவிலிருந்து தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை தண்ணீர் வந்தது. முன்னால் சருகும் நுரையும், அதன் பின் செந்நிற நீரும். கரையில் நின்று பார்த்துவிட்டு வரும்போது வயல் மூலையில் ஒரு குடாப்பு கிடந்தது, அவசரத்தில் மறந்திருக்கிறார்கள். போன் செய்தேன். "இருக்கட்டும்யா, தையில எடுத்துக்கிறோம்" என்றார். எங்கள் மாட்டுக் கொட்டகையின் பரணில் வைத்திருக்கிறேன். அதற்குள் இரண்டு கோழிகள் முட்டையிடத் தொடங்கிவிட்டன.